பொருள் ஒன்றுதானே

சரித்திர நாவல்களை ஒலிப்புத்தகமாகக் கேட்க விரும்புகிறவர்கள் முதலில் குதிரைகளைச் சகித்துக்கொள்ளப் பழகவேண்டும். அரசன் படுக்கையிலிருந்து எழுந்தாலும் பின்னணியில் குதிரை ஓடும். தூதுவன் தோணியில் வந்தாலும் குதிரை ஓடும். ஒருமுறை ஒரு இளவரசி கடலில் குளித்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் டக்டக்கென்று ஒன்று ஓடிப்போயிற்று. நான் அப்போது வெள்ளவத்தை வீட்டுக் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "கடலுக்குள்ள எப்பிடி வந்தது இந்தக் குதிரை?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். முன்னறையிலிருந்து என் கணவர், "ஆரோட கதைக்கிறீர்?" என்றார்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் ஒலிப்புத்தகம் கேட்கிறேன். மீன் வெட்டும்போது, உடுப்பு மடிக்கும்போது, காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது. காதுக்குள் யாராவது ஒருவர் வாசித்துக்கொண்டே இருக்கவேண்டும். சரித்திரமும் மாயாஜாலமும்தான் எனக்குப் பிடிக்கும். குடும்பக் கதைகள் வேண்டாம். அது வீட்டிலேயே இருக்கிறது.

இத்தனை வருடம் கேட்டதில் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. யாரும் கேட்கவில்லை, என்றாலும் சொல்கிறேன். அரசனாக வாசிப்பதென்றால் தொண்டையைக் கட்டிக்கொண்டு கர்ச்சிக்கவேண்டும் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. "தண்ணீர் கொண்டு வா" என்பதையும் போர் முரசு மாதிரித்தான் சொல்கிறார்கள். அரசிகள் எல்லோரும் மூச்சிரைக்கிறார்கள். கிழவர்கள் எல்லோரும் இருமுகிறார்கள். ஒற்றன் வந்தால் குரல் தாழ்ந்துபோய் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. அவன் கொண்டுவந்த இரகசியம் அரசனுக்கும் வாசிக்கிறவருக்கும் மட்டும்தான் தெரியும். தலை உருளப்போகிற நேரம் பார்த்து பிரஷர் குக்கர் விளம்பரம் வரும். விளம்பரம் முடிந்து திரும்பினால் தலை ஏற்கெனவே உருண்டுவிட்டிருக்கும்.

எங்கள் வீடு கடற்கரைப் பக்க ஒழுங்கையில் மாடி வீடு. ரயில் போகும்போது எந்தச் சக்கரவர்த்தியும் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

ஆனால் என் உண்மையான கோபம் வேறு. இந்தப் புத்தகங்களை வாசிப்பவர்கள் எல்லோரும் அக்கரையில், தமிழ்நாட்டில் இருப்பவர்கள். அது அவர்கள் குற்றமில்லை. அங்கேதான் ஸ்ரூடியோ இருக்கிறது, கேட்கிற சனம் இருக்கிறது. வெற்றி என்ற சொல்லில் அவர்களுக்கு நாக்கு உருளவேண்டும், எங்களுக்கு ஒருதரம் தட்டினால் போதும். அதையும் விட்டுவிடலாம். ஆனால் அந்தச் சரித்திர நாவல்களில் எங்கள் தீவு ஒரு இடமே இல்லை. வென்றுவிட்டுத் திரும்பிப்போகிற ஒரு காரியம். கப்பல்கள் புறப்படும், ஈழத்தை எரித்தார்கள் என்று ஒரு வசனம் வரும், வாசிக்கிறவர் மூச்சு வாங்குவார், அரசன் காதலியிடம் திரும்பிவிடுவான். எரிந்தவர்கள் எந்த மொழியில் கத்தினார்கள் என்று எந்த நாவலும் சொல்லாது.

அதனால்தான் நான் மாயாஜாலக் கதைகளுக்குப் போனேன். அங்கே யாருக்கும் ஊர் இல்லை. ஒரு பெண் மிக அழகாக வாசித்தாள். பறக்கும் பாம்பு ஒன்று வந்தது, அதற்கு நித்தமும் தடிமன், மூக்கடைப்பு; அது கூடப் பரவாயில்லை. பிறகு சேற்று நிலத்திலிருந்து குள்ளர்கள் வந்தார்கள். அழுக்கானவர்கள், மூளை குறைந்தவர்கள், மற்றவர்கள் சிரிப்பதற்காக வருகிறவர்கள். அந்தக் குள்ளர்கள் வாய் திறந்தார்கள். "என்ன கதைக்கிறியள்" என்றார்கள். சினிமாவில் சிலோன்காரர் வந்தால் போடுகிற அதே இழுவை. உலகத்தில் இல்லாத ஒரு நாட்டில், இல்லாத ஒரு சேற்றில், இல்லாத ஒரு சாதிக்கு அவளுக்குக் கிடைத்த குரல் எங்களுடையது. நான் அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு, காதிலிருந்ததையும் கழற்றி வைத்தேன்.

இனி என் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவர். வாழ்க்கையில் ஒரேயொரு நாவல் எழுதினார். யாழ்ப்பாண அரசு முடிகிற காலத்துக் கதை. பறங்கியரோடு சண்டைக்குப் போகிற அரசனின் கப்பலில் ஒரு மாலுமி, கரையில் ஒரு தோணிக்காரனின் மகள். கொட்டாஞ்சேனையிலேயே ஒரு சின்ன அச்சகத்தில் அடித்தார்கள். வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று வாங்கினார்கள். மிச்சம் எங்கள் கட்டிலுக்குக் கீழே போனது. முப்பது வருடமாக அங்கேதான் கிடக்கிறது. கடல் காற்றில் அட்டை வீங்கி, ஒவ்வொரு புத்தகமும் தூசு பட்ட பேக்கரிப் பணிஸ் மாதிரி ஆகிவிட்டது.

அந்த நாவலில் எனக்குச் சொந்தமாக ஒரு சொல் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போனால் என் கோபம் யாருக்கும் விளங்காது.

கலியாணத்துக்கு முன்பு நான் கொச்சிக்கடைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். பஸ் தரிப்பிடத்தில்தான் பழக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், அந்தோனியார் கோவிலுக்கு வந்த சனம் வீதி முழுக்க நிற்க, அவர் வந்து தனக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் வந்திருக்கிறது என்றார். எப்போது திரும்பி வருவார் என்று தெரியாது என்றார். பிறகு, "நான் வருமட்டும் இருப்பீரோ?" என்று கேட்டார். துறைமுகத்திலிருந்து வந்த லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது. நான், "ஓம்" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அவ்வளவுதான் எங்கள் காதல் வசனம்.

அந்த ஒரு சொல்லுக்காக நான் வீட்டில் வந்த சம்பந்தங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தேன். ஒரு டொக்டர் மாப்பிள்ளையைத் தட்டியதற்கு அம்மா நெடுநாள் என்னோடு கதைக்கவில்லை. ஐயா ஒருநாள், "உனக்கென்ன, வாக்குக் குடுத்தனியோ?" என்று கேட்டார். அதற்கும் அதே சொல்லைத்தான் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. எழும்பிப் போய்விட்டார்.

அந்தக் காட்சியை என் கணவர் நாவலில் வைத்தார். மாலுமி கரையில் வந்து கேட்கிறான், தோணிக்காரனின் மகள் ஓம் என்கிறாள். அந்த ஒரு சொல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். அவள் வாய் ஒருமுறை திறந்தது, ஒருமுறை மூடியது, அதற்குள் அவள் தன் ஆயுளைக் கொடுத்து முடித்துவிட்டாள் என்று வரும். அவர் எனக்கு நகை வாங்கித் தந்ததில்லை. கவிதை எழுதித் தந்ததில்லை. அந்தப் பக்கம்தான் தந்தார். அது எனக்குப் போதுமாக இருந்தது. சண்டை வருகிற நாட்களில் நான் மனதுக்குள் எடுத்துப் பார்க்கிற பக்கம் அது.

சீனி வருத்தம் அவருடைய கண்ணை மெல்ல மெல்ல எடுத்தது. முதலில் எழுத்துகள் போயின, பிறகு முகங்கள் போயின. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் மிச்சம். தன்னுடைய புத்தகத்தை ஒருமுறை முழுக்கக் கேட்கவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. எழுதி முடித்த பிறகு அச்சுப் பிழை பார்த்ததோடு சரி, தான் அதை ஒரு புத்தகமாக வாசித்ததேயில்லை என்றார்.

"நான் வாசிக்கிறன், கேளுங்கோ," என்றேன்.

அவர் யோசிக்காமல் சொன்னார்: "நீர் வாசிச்சா பாங்க்கில கணக்கு வாசிக்கிற மாதிரி இருக்கும்."

பகிடியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் நான் அதன்பிறகு இரண்டாம்முறை கேட்கவில்லை.

மெல்பேர்னில் இருக்கிற மகள்தான் அந்த வேலையைத் தொடக்கினாள். சென்னையில் ஒலிப்புத்தகம் செய்கிற ஒரு நிறுவனத்தைப் பிடித்து, அவர்களோடு எழுதிக் கதைத்துச் சம்மதிக்க வைத்தாள். யார் வாசிக்கப்போகிறார் என்று தெரிந்தபோது என் கணவர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தார். நான் கேட்கிற சரித்திர நாவல்களில் அரைவாசியை வாசித்தவர் அந்த மனிதர். உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடித்த குரல். கர்ச்சனை குறைவு, குதிரைகள் அளவோடு. "அவரே வாசிக்கப்போறார்? என்ர புத்தகத்தை?" என்று மகளிடம் மூன்று தரம் கேட்டார். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. கலியாண வீட்டில் கூட அப்படி ஒரு வெட்கத்தை நான் காணவில்லை.

முதல் அத்தியாயங்கள் பார்வைக்கு வந்தன. கேள்விக்கு வந்தன என்று சொல்லவேண்டும். ஒரு காலை முன்னறையில் உட்கார்ந்து போட்டுக் கேட்டோம். தொடக்கம் நன்றாக இருந்தது. கடல் சத்தம் வந்தது, குதிரை வரவில்லை. பிறகு தோணிக்காரன் தன் மகளுக்கு, "ஆறுதலாகப் போ, கல்லுத் தடக்கும்" என்று சொல்கிற இடம் வந்தது. எங்கள் ஊரில் ஆறுதலாக என்றால் மெதுவாக. வாசித்தவருக்கு அது தெரியவில்லை. யாரோ செத்த வீட்டில் துக்கம் விசாரிக்கிற மாதிரி, கம்மிய குரலில், விம்மி விம்மி "ஆறுதலாகப் போ" என்றார். என் கணவர் தலையை ஒரு பக்கம் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்து ஊரவர்கள் அவளைப் "பெட்டை" என்று கூப்பிடுகிறார்கள். நாங்கள் மகளை, மருமகளை, பக்கத்து வீட்டுப் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் அதை ஒரு வசைச் சொல்லாகப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். ஊரே ஒரு சின்னப் பெண்ணை நாய் மாதிரி விரட்டுவதாகக் கேட்டது.

பிறகு ஒரு மீன்காரியிடம் ஒருவன், "பாரை இருக்கோ?" என்று கேட்டான். பின்னால் எங்கிருந்தோ ஒரு தம்புரா தொடங்கியது. மணி ஒன்று அடித்தது. "ஓஓஓம்ம்ம்…" என்றாள் மீன்காரி.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. எங்கள் ஊர் முழுக்கத் தவத்தில் இருந்தது. மந்திரி அரசனுக்கு ஓம் என்று தியானம் செய்தான். காவல்காரன் கதவைத் திறந்துகொண்டு தியானம் செய்தான். சோறு வேண்டுமா என்று தாய் கேட்க, பிள்ளை சமாதி நிலைக்குப் போயிற்று. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. என் கணவர் சிரிக்கவில்லை. "நிப்பாட்டாதையும், போகட்டும்," என்றார்.

மாலுமி கரைக்கு வந்தான். கேட்டான். அந்த இடத்தில் அவர்கள் தம்புராவோடு சங்கும் சேர்த்திருந்தார்கள். நீண்ட, ஆழமான, கோவில் கர்ப்பக்கிரகத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு ஓம். அது முடிவதற்குள் ஒரு ரயில் வந்து போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவள் வாய் ஒருமுறை திறந்து ஒருமுறை மூடியது என்று வாசித்தார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நிறுவனத்தில் இந்தப் புத்தகத்துக்குப் பொறுப்பான ஒருவர் இருந்தார். மகள் தொலைபேசி இலக்கத்தைத் தந்தாள், நானே எடுத்தேன். மிகப் பணிவான மனிதர். "மேடம், சாரோட புக் எங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு," என்று தொடங்கினார். நான் விசயத்தைச் சொன்னேன். ஓம் என்றால் எங்களுக்கு ஆம் என்று அர்த்தம், அதை இழுக்கக்கூடாது, மணி அடிக்கக்கூடாது, சும்மா தலையாட்டுகிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்றேன். தொலைபேசியிலேயே இரண்டு தரம் சொல்லிக் காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "புரியுது மேடம். ஆனா சின்னதா சொன்னாலும் நம்ம லிஸனர்ஸுக்கு ஓம்னா சாமி ஓம்தான் மேடம் காதுல விழும். குழம்பிடுவாங்க. ஒண்ணு பண்ணலாமா? எல்லா இடத்துலயும் ஆமாம்னு மாத்திடலாம். பொருள் ஒண்ணுதானே?"

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எனக்கு நிச்சயம் இருந்தது. என் கணவர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொந்த வீட்டுப் பேச்சை விட்டுவிட்டு சினிமாப் பேச்சுப் பேசினால் உட்காருகிற வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தியவர். அச்சகத்தில் ஒரு ஒற்றெழுத்துக்காகக் கடைசிப் படிவத்தைத் திருப்பி அனுப்பியவர். ஆமாம் என்று மாற்றலாமா என்று கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா?

சொன்னேன். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். அடுத்த நாள் தேத்தண்ணி கொடுத்தபோது சொன்னார்: "மாத்தச் சொல்லும்."

"எதை?"

"அவை சொல்லுறபடி. ஆமாம் எண்டு போடட்டும்."

எனக்குக் கோப்பையை வைக்கிற இடம் தெரியவில்லை. "நீங்களோ சொல்லுறியள்?" என்றேன்.

"முப்பது வருசமா அந்தப் புத்தகம் கட்டிலுக்குக் கீழ கிடக்குது. இப்பதான் நாலு சனம் கேக்கப்போகுது. ஒரு சொல்லுக்காகத் திருப்பியும் கட்டிலுக்குக் கீழ போடச் சொல்லுறீரோ?"

"அது ஆற்ர சொல் எண்டு தெரியும்தானே?"

"தெரியாமலே? நீர் சொன்னதுதானே," என்றார். குரலில் கோபம் கூட இல்லை. எனக்கு ஒரு சின்னக் கணக்கை விளங்கப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னார். "அதுக்கென்ன இப்ப? பொருள் ஒண்டுதானே."

சென்னைக்காரன் சொன்னபோது எனக்கு வலிக்கவில்லை. அவன் என்னை எந்தப் பஸ் தரிப்பிடத்தில் கண்டான்? இவர் சொன்னதுதான். அவருடைய பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கண் போன மனிதர், எழுதியது ஒரே புத்தகம், அதை நாலு பேர் கேட்கவேண்டும் என்று நினைப்பது பேராசை இல்லை. தெரிந்து என்ன, நியாயம் இருக்கிறது என்பதற்காக வலி குறைகிறதா? அவர் வைத்திருந்த தராசில் ஒரு பக்கம் முன்பின் தெரியாத சனம், மறுபக்கம் நான். எந்தப் பக்கம் தாழ்ந்தது என்று கண்டுவிட்டேன்.

"அந்தப் பக்கத்தில வாய் ஒருக்காத் திறந்து ஒருக்கா மூடினது எண்டு எழுதியிருக்கிறியள்," என்றேன். "ஆமாம் சொல்லுறதெண்டா ரெண்டு தரம் திறக்கவேணும்."

அவர் வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தார். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. "ஓம், ரெண்டு தரம்தான்," என்றார். பிறகு, "ஆர் அதைக் கவனிக்கப்போகினம்," என்றார்.

நானே தொலைபேசி எடுத்து மாற்றச் சொன்னேன். நான் எடுக்காவிட்டால் மகளைக்கொண்டு எடுப்பித்திருப்பார்.

வாசகரைத் திரும்ப ஸ்ரூடியோவுக்குக் கூப்பிட முடியாது என்பதால் அவர்கள் அவருடைய குரலையே கணினியில் செய்து அந்தந்த இடத்தில் ஒட்டினார்கள். இப்போது அப்படிச் செய்யலாமாம். ஒட்டியது கேட்டால் தெரியாது என்றார்கள். உண்மைதான், தெரியவில்லை. மீன்காரி ஆமாம் என்றாள். மந்திரி ஆமாம் என்றான். பிள்ளை ஆமாம் என்று சோறு தின்றது. சங்கும் மணியும் போயிருந்தன. யாழ்ப்பாணத்து அரசவை மயிலாப்பூரில் கூடியது போல இருந்தாலும் கேட்க இதமாகவே இருந்தது. என் கணவர் விரலால் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டார்.

கோவில் காட்சி வரும்வரைக்கும் அப்படியே போனது. போருக்குப் போகுமுன் அரசன் கோவிலுக்கு வருகிறான். குருக்கள் தீபத்தோடு நிற்கிறார். ஊர்ச்சனம் எல்லாம் கைகூப்பி நிற்க, அவர் கணீரென்று தொடங்கினார்: "ஆமாம் நமசிவாய."

மெசின் அல்லவா. எல்லா இடத்திலும் மாற்று என்றார்கள், எல்லா இடத்திலும் மாற்றியது. ஆமாம் நமசிவாய, ஆமாம் நமசிவாய என்று பக்தர்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். சிவபெருமான் ஏதோ கேட்டிருக்கிறார், இவர்கள் சம்மதிக்கிறார்கள்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இந்தமுறை அவருக்குக் கோபம் வந்தது. "எடும் போனை. உடன எடும். கடவுளோட விளையாடுறாங்களோ? கேக்கிற சனம் என்னை என்னெண்டு நினைக்கும்?" என்று கத்தினார். நான் எடுத்துக் கொடுத்தேன். தானே கதைத்தார். பள்ளிக்கூட வாத்தியார் குரல் பல வருடத்துக்குப் பிறகு வெளியே வந்தது. ஒரு சொல்லின் பெறுமதி என்ன தெரியுமா என்று கேட்டார். அதை மாற்றினால் எல்லாம் போய்விடும் என்றார். அந்தப் பணிவான மனிதர் பத்துமுறை மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் நின்று அத்தனையையும் கேட்டேன்.

அதை மட்டும் திருத்தினார்கள். சாமிக்கு அவருடைய ஓம் திரும்பக் கிடைத்தது.

புத்தகம் வெளிவந்தது. கட்டிலுக்குக் கீழே கிடந்தது இப்போது உலகம் முழுக்கப் போகிறது என்று மகள் சொன்னாள். லண்டனிலிருந்து ஒரு மச்சான் போன் எடுத்து, பிள்ளைகளுக்கு இப்போதுதான் விளங்குகிறது என்றார். கோயம்புத்தூரிலிருந்து யாரோ ஒருவர் இவ்வளவு தூய தமிழில் ஒரு இலங்கை எழுத்தாளரா என்று கீழே கருத்து எழுதியிருந்தார். மகள் அதைப் போனில் வாசித்துக் காட்டினாள். என் கணவர் திருப்பி வாசிக்கச் சொன்னார். அந்தத் தூய தமிழ் எப்படி வந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை.

அவர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கிறார். நான் அந்த நேரம் குசினிக்குப் போய்விடுவேன். காதுக்குள் வேறு ஏதாவது ஒரு மாயாஜாலத்தைப் போட்டுக்கொள்வேன். சேற்று நிலத்துக் குள்ளர்கள் வந்தாலும் பரவாயில்லை. அவர்களாவது கதைக்கிறார்கள்.

போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் வந்தார். என் கணவரோடு அதே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், அவரைவிட இளையவர், இப்போது அவரும் ஓய்வு. மாம்பழம் கொண்டுவந்திருந்தார். பஸ்ஸிலேயே கேட்டுக்கொண்டு வந்தாராம். "சேர், என்ன குரல் சேர். அந்தக் கரைக் காட்சி வந்தவுடன நான் இறங்கிற இடத்தை விட்டிட்டன்," என்றார். என் கணவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். அந்த வெட்கம் மறுபடி வந்திருந்தது.

நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். வந்தவர் கோப்பையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, அந்தத் தோணிக்காரன்ர மகள் நீங்கள்தானே? சேர் அந்தக் காலத்தில எங்களுக்கு ஸ்ராஃப் ரூமில சொன்னவர். கொச்சிக்கடை பஸ் ஸ்ராண்டில நடந்ததெண்டு."

"இல்லை," என்றேன். "அவ ஆமாம் எண்டு சொன்ன பொம்பிளை. நான் அப்பிடி ஒருநாளும் சொன்னதில்லை."

அவர் நல்ல பகிடி என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நானும் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்த இடத்தை ஒருக்காப் போடும்," என்றார். "இவரும் இருந்து கேக்கட்டும்."

தட்டத்தை வைத்துவிட்டு, தேடிப் போட்டேன். கடல் சத்தம் வந்தது. மாலுமி கேட்டான். ஆமாம் என்றாள் அவள். தெளிவாக, அழகாக, ஒட்டிய இடம் தெரியாமல். வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். என் கணவரும் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு கேட்டார். நானும் நின்று கேட்டேன். யாரோ ஒரு பெண், யாரோ ஒருவனுக்காகக் காத்திருக்கச் சம்மதிக்கிறாள். நல்ல குரல், குறை சொல்ல ஒன்றுமில்லை.